ஆள் இல்லை

விடியற்காலையில் அபாய மணி அலறியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் ஒரு நோயாளியின் மூச்சுக்குழாயை அடைத்த சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் அவர் பிழைக்கமாட்டார். மேல்மாடி வார்டில் யாருக்கோ உடம்பு மோசமாகிறது. அப்படிப்பட்டவர்களிடம் ஓடுவதற்கென்றே முன்பு தனியாக ஓர் அவசரக் குழு இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று நிர்வாகம் அதைக் கலைத்து, அந்த ஓட்டத்தையும் இந்த நர்சின் தலையில் கட்டிவிட்டது.

கைவேலையை முடித்து, மருந்துப் பெட்டியோடு மூச்சிரைக்க மாடியேறியபோது, அங்கே நோயாளியாய்க் கிடந்த ஒரு கொத்தனாரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வார்டு நர்ஸ் தனியாளாய் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். வியர்வை சொட்டச் சொட்ட இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். நாடி திரும்பியது. நினைவு திரும்பவில்லை.

வெளியே கொத்தனாரின் மனைவி, மாடியேறி வந்தவளின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஓடோடி வந்து உசிரைக் காப்பாத்திட்டீங்களே, சிஸ்டர்!"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குழுவைக் கலைத்த அன்று வாயை மூடிக்கொண்டு தலையாட்டியவர்களில் அவளும் ஒருத்திதானே?

"ஓடி வரலம்மா," என்றாள் தலைநிமிராமல். "லேட்டாத்தான் வந்தேன். கீழே இன்னொருத்தரை விட்டுட்டு வர முடியல. ஆள் இல்ல."

பிடித்த கை தளர்ந்தது. "இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியிலயா ஆள் இல்ல?"

அவள் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவள் சொன்னது மேனேஜருக்கு எட்டிவிட்டது; அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "வீட்டு விஷயத்தை ஏன் தெருவுல கொட்டுறே? வார்டு நர்ஸ் கவனிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சிடலாம்."

"அவ சரியாத்தான் கூப்பிட்டா, சார். வரவேண்டியவ நான். வரவிடாமப் பண்ணினது நீங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதை ஒழுங்காச் செய்யத்தான் ஆள் கேக்கிறோம்."

"கேக்கிறோமா?" அவர் சிரித்தார். "நீ எத்தனை பேரு?"

முகம் எரிய, சாப்பாட்டு அறைக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். யாரும் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன்தான் கை கழுவிவிட்டு வந்தார். "அன்னிக்குத் தலையாட்டினது நீ மட்டுமாம்மா? நானுந்தான். கிளம்பு, எத்தனை பேருன்னு காட்டுவோம்."

வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நர்சுகள், துப்புரவுப் பெண்கள், லிப்ட்காரர் என்று மேனேஜர் அறை வாசல் நிறைந்துவிட்டது. கதவு கொஞ்சம் திறந்தது. "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க!" ஒருவரும் அசையவில்லை. கதவு படாரென்று மூடிக்கொண்டது.

கொத்தனாரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இங்க நின்னா ஆள் போட்டுடுவாங்களா?"

"தெரியலம்மா."

"சரி, நானும் நிக்கிறேன்."

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் கூசியது. ஆனாலும் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.