தெர்மாகோல் விமானத்துக்கு ஒரு பத்திரிகை

விமானம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்குப் பொருத்தமாகத்தான் பத்திரிகை தேட வேண்டியிருந்தது.

என் மகள் நிருஷாவைக் கட்டப்போகிற விஜிதரன் மதுரையில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான். யாரோ ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் தெர்மாகோலில் பாதி விமானம் செய்திருக்கிறார்கள். ஆறு ஜன்னல், ஒரு கதவு, இறங்குவதற்கு ஏழு படி. படியில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று கை காட்டுவார்களாம். டாக்டர் வீட்டுக் கல்யாணம் முடிந்து அது குடோனில் கிடந்தது. முதலாளி, உன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதோடு எங்கள் வீட்டுக் கல்யாணம் ஏர்போர்ட் தீம் என்று முடிவாகிவிட்டது. சாப்பாட்டுப் பந்திக்குக்கூட போர்டிங் பாஸ் கொடுப்பார்களாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

விஜிதரன் விமானத்தில் ஏறியதில்லை. நிருஷாவும் ஏறியதில்லை. இரண்டு பேரும் அகதிகள் கேம்பில் பிறந்த பிள்ளைகள். அவன் மதுரைப் பக்கத்துக் கேம்ப், இவள் மண்டபம். நான் தொண்ணூறில் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவன். எங்கள் ஊரில் விமானச் சத்தம் கேட்டால் குனிந்து ஓடுகிற பழக்கம். இப்போது அதன் படியில் என் பிள்ளை நிற்கப்போகிறாள் என்கிறார்கள். சரி, தெர்மாகோல்தானே என்று விட்டேன்.

ராமநாதபுரத்தில் ஹமீதா பானு என்கிற பெண் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறாள். கீழக்கரைக்காரி. நிருஷா வேலை செய்கிற ஜவுளிக் கடைக்கு நாலு கடை தள்ளி. விஜிதரன் மதுரையிலிருந்து நேரே அங்கு வந்துவிட்டான். எனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். ஹமீதா பானு மாதிரிக் கார்டுகளை மேசையில் பரப்பி, கடைசியில் ஒன்றை எடுத்து என் கையில் தந்தாள்.

கருநீல அட்டை. மேலே பொன் எழுத்து. கையடக்கமாக, மூலை மழுங்கி. அசோகத் தூண் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையார் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அது பாஸ்போர்ட்.

"இப்ப இதுதான்யா ஓடுது. கீழக்கரையில துபாய் மாப்பிள்ளைகளுக்கு எல்லாம் இதத்தான் அடிச்சுக் குடுத்தேன்" என்றாள்.

உள்ளே திறந்து காட்டினாள். இரண்டு பேர் போட்டோவுக்கு இடம். பெயர், பிறந்த தேதி, பயண நாள். அடுத்த பக்கத்தில் வட்ட வட்டமாக முத்திரை. ஒன்றில் முகூர்த்தம், ஒன்றில் வரவேற்பு. பெயருக்குக் கீழே நாடு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன போடட்டும் என்று கேட்டாள். நிருஷா நிமிராமலே, அதை எடுத்துவிடுங்கள் அக்கா என்றாள்.

அட்டையை மேசையில் வைத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நிருஷாவுக்கு மேலே எனக்கு ஒரு மகன், நிரூபன். இருபது வயதில் ஒரு ஏஜென்டின் பேச்சைக் கேட்டு, வேறொருவன் பெயரில் செய்த பாஸ்போர்ட்டைக் கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாராம். ஒன்றரை வருஷம் ஜெயில். திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அவன் தாய் செத்துப்போகும்வரை சொல்லவில்லை.

விஜிதரனின் தாய் சந்திரவதனா பெண் பார்க்க வந்த அன்று, உங்கள் மகனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இதற்கு முன் என்ன செய்தார் என்று கேட்டாள். சென்னையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் இரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தான் என்று சொன்னேன். வாய்க்கு வந்தது. நிச்சயதார்த்தத்தில் அவள் சொந்தக்காரர்கள் கேட்டபோது திரும்பவும் சொன்னேன். அன்றைக்குக் கம்பெனி நல்ல சர்டிபிகேட்டும் கொடுத்தது என்று சேர்த்துக்கொண்டேன்.

இப்போது அந்த மாப்பிள்ளை, நான் மேசையில் வைத்த பாஸ்போர்ட்டை எடுத்துத் திரும்பவும் என் கையில் கொடுக்கிறான். சிரிக்கிறான்.

"மாமா, உண்மையானது மாதிரியே இருக்கல்லோ? அம்மாவுக்கு இதுதான் நல்லாப் பிடிச்சது."

அவன் சிரிப்பைப் பார்த்தேன். தெரிந்து சிரிக்கிறானா, தெரியாமல் சிரிக்கிறானா என்று பிடிபடவில்லை. தாய்க்குப் பிடித்தது என்கிறான். கண்ணுக்கு முன்னால் போட்டுக் குத்துவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? யாரோ சொல்லிவிட்டார்கள். தெரிந்துகொண்டு, நானே வாய் திறந்து உளறட்டும் என்று வைக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

பத்திரிகையில் அழைப்பவர்கள் பெயரை ஹமீதா பானு கேட்டாள். இரத்தினவேல் என்று என் பெயரைச் சொன்னேன். மனைவியின் பெயரைச் சொல்லி, அமரர் என்று போடச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன்.

"அண்ணான்ரை பேர்?" என்றாள் நிருஷா.

அவன் பெயர் இதில் வேண்டாம் என்றேன்.

விஜிதரன் எதையோ சொல்ல வந்தான். நிருஷா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அண்ணான்ரை பேர் இல்லாத கார்டை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன் அப்பா. கார்டே அடிக்க வேண்டாம்."

ஹமீதா பானு கம்ப்யூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டாள். அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்ப நாளை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றாள். பஸ்ஸில் நிருஷா முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். மண்டபம் வரும்வரை அவள் தலை திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தண்டவாளம்வரை நடந்தேன், திரும்பினேன். கடைக்குப் போய்த் தேத்தண்ணி வாங்கிவிட்டு அதைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். சொன்னது யார்? எதிர் லைனில் மதுரைக் கேம்பில் சொந்தம் உள்ளவர்கள் இரண்டு வீடு. அவர்கள் வாசலை நாலு தரம் கடந்தேன். ஒருத்தி என்ன அண்ணை தேடுறியள் என்று கேட்டாள். கோழியைத் தேடுகிறேன் என்றேன். எங்களிடம் கோழி கிடையாது.

கல்யாணம் நின்றுபோகும் என்று நினைத்தேன். பிள்ளை ஜெயிலுக்குப் போனதற்கு யாரும் நிறுத்த மாட்டார்கள். கேம்பில் எந்த வீட்டில் என்ன இல்லை? தகப்பன் இரண்டு தரம் பொய் சொன்னதற்கு நிறுத்துவார்கள். நான் என்றால் நிறுத்துவேன்.

மறுநாள் காலையில் நிரூபனைத் தேடிப் போனேன். அவன் கேம்ப் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாலிநோக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போய் ஐந்து நாள் ஆகிறது. போனில் கேட்டிருக்கலாம். போனில் ஆள் முகம் தெரியாது. ராமநாதபுரம் போய், கீழக்கரை போய், மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் கேம்புக்குத் திரும்ப வேண்டும், அதற்கு முன் ஐந்து மணிக்குக் கடை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் வேண்டுமென்றே நிற்பதாக எனக்குத் தோன்றியது. உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது.

நிரூபன் மூங்கில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிருஷாவுக்கு என்னவோ என்று பயந்து இறங்கி வந்தான். முழங்கைவரை பச்சைப் பெயின்ட். ஒன்றும் இல்லை, பத்திரிகை விஷயம் என்றேன். அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவர்கள் எடுத்திருக்கிற கார்டு ஒரு புத்தகம் மாதிரி, நீல அட்டை, உனக்கு விளங்கும் என்று இழுத்தேன்.

அவன் கையைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, படத்தைக் காட்டினான். விஜிதரன் அனுப்பியது. அதே கார்டு. போன வாரமே வந்திருக்கிறது.

"பாருங்கோ அப்பா, எழுத்து எவ்வளவு நேரா விழுந்திருக்கு எண்டு. எனக்கு அந்த ஏஜென்சிக்காரன் தந்ததிலை பிறந்த மாசமே பிழை. அவன் இந்தப் பத்திரிகைக் கடை அக்காவிட்டைக் குடுத்து அடிச்சிருந்தானெண்டா நான் இப்ப கனடாவிலை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஜிதரனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"நான்தான்."

பெண் பார்க்க வந்த அன்று பஸ் நிறுத்தம்வரை வழியனுப்பப் போனபோது சொல்லியிருக்கிறான். விஜிதரன் அன்று இரவே தாயிடம் சொல்லியிருக்கிறான். எட்டு மாதம் ஆகிறது. அப்படியென்றால் நிச்சயதார்த்தத்தில் நான் சர்டிபிகேட் கதை சொன்னபோது அந்த மனுசிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். நிருஷாவுக்கும் தெரியுமாம். எல்லாருக்கும் தெரியுமாம்.

கோபம் வந்தது. என்னை நடுச் சபையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாயா, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னா நீங்கள் அதுக்கு இன்னொரு பொய் கண்டுபிடிப்பியள் அப்பா. உங்களை எனக்குத் தெரியாதோ?"

பத்திரிகையில் பெயர் போடுகிற பேச்சையும் அவனே எடுத்தான். நிருஷா சொல்லியிருப்பாள். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், எனக்கு மனத்தாங்கல் இல்லை, ஆனால் விட்டால் சனம் ஏன் விட்டது என்று கேட்கும், அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றான். பிறகு பெயின்ட் காய்ந்துவிடும் என்று மேலே ஏறிவிட்டான்.

கீழக்கரை பஸ் ஸ்டாண்டில் ராமநாதபுரம் வண்டி நின்றது. நான் ஏறவில்லை. போனில் சந்திரவதனாவின் படத்தைத் தேடி அழுத்தினேன். பேர்களை வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். நிருஷா எல்லாருக்கும் படம் வைத்துத் தந்திருக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். எடுத்துவிட்டாள்.

"தங்கச்சி, நான் உங்களுக்கு ரெண்டு தரம் பொய் சொல்லிப்போட்டன். நிரூபன் கொம்பனியிலை இருக்கேல்ல. கள்ளப் பாஸ்போட்டிலை போகப் பாத்து ஜெயிலிலை இருந்தவன்."

பஸ்ஸின் ஹாரன் அடித்தது. பிறகு சொன்னாள்:

"தெரியும் அண்ணை. முதல் தரம் பாவமாத்தான் இருந்தது. ரெண்டாந்தரம் சேட்டிபிக்கேற்றும் குடுத்தவங்கள் எண்டியள். அப்ப நான் சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

ஏன் கேட்கவில்லை என்றேன். என்றைக்காவது நீங்களே சொல்லுவீர்கள் என்று விட்டேன், சொல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு சண்டை பிடிக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றாள். அவள் தமையனும் அந்தக் காலத்தில் அப்படி ஒரு புத்தகத்தில் போனவன்தானாம். அவன் பிடிபடவில்லை, அவ்வளவுதானாம். பஸ் ஸ்டாண்ட் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தேன்.

அவள் விடவில்லை.

"அது கிடக்கட்டும். அந்தக் கார்டை ஏன் அண்ணை பிடிச்சனீங்கள்? எனக்கு அதைக் கண்ணிலை காட்ட ஏலாது. உங்களுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு எண்டு என்ரை பெடியன் சொன்னபடியால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன்."

எனக்குப் பிடித்ததாக நான் எங்கே சொன்னேன்? நீங்கள்தான் ஆசைப்பட்டீர்கள் என்றல்லவா என்னிடம் சொன்னான் என்றேன். ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் வாயை அடைத்திருக்கிறான். பெடியன் எமகாதகன். நான் சந்தேகப்பட்டதில் பிழையில்லை. வேறு இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

நிறுத்திவிடுவோமா, இன்னும் நேரம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். மணியைப் பார்த்தேன். நேரம் இருந்தது. இரண்டு பெரியவர்களும் வேண்டாம் என்றால் பிள்ளைகள் என்ன செய்ய முடியும்? வாய்வரை வந்தது. சாரத்துக்குக் கீழே நின்று நிரூபன் அந்த எழுத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டியது நினைவு வந்தது. பதினைந்து வருஷத்தில் அந்தப் பாஸ்போர்ட்டைப் பற்றி அவன் வாய் திறந்ததே இன்றைக்குத்தான். அதுவும் சிரித்துக்கொண்டு.

"விடுங்கோ தங்கச்சி. நிரூபனுக்குப் பிடிச்சிருக்கு."

கடைக்குள் நான் நுழையும்போது நாலே கால். ஹமீதா பானு தண்ணீர் தந்தாள். குடிக்கவில்லை. முதலில் பெயரைப் போடு என்றேன். நிரூபன், மணமகளின் தமையன். என் பெயருக்குள்ள அதே அளவு எழுத்து. அவள் தட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். சலித்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இந்த டிசைன் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்றேன். கேம்ப் ஆபீசருக்கு இதை எப்படிக் கையில் கொடுப்பேன் என்று இன்னும் தெரியவில்லை; வாயால்தான் சொல்ல வேண்டும். போலீஸ்காரர்கள் பார்த்தால் அட்டையில் இருக்கிற பிள்ளையாரைக் காட்ட வேண்டும். அதெல்லாம் என் பாடு.

அவள் மாப்பிள்ளை வீட்டுத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அவங்க பக்கம் எல்லாருக்கும் படிப்பு, வேலை போட்டுக் குடுத்திருக்காங்கய்யா. நீங்க ஒருத்தருக்கும் சொல்லல. உங்க மகனுக்கு என்ன வேலைன்னு போட?"

வாயில் வேறொன்று வந்தது. விழுங்கினேன்.

"பெயின்டர்" என்றேன்.

அவள் அடைப்புக்குறிக்குள் அதைத் தட்டினாள். வெளியே மண்டபம் பஸ் ஹாரன் அடித்தது. சரிபார்க்கக்கூட நிற்காமல் ஓடினேன்.