தவளைக்குன்றில் தங்கிப்போன குரல்

வண்டலூருக்குக் கிழக்கே இருந்த தவளைக்குன்றைக் கடைசிச் சல்லி வரைக்கும் உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும், அதன் எதிரொலி மட்டும் இடத்தைக் காலி பண்ணவில்லை. மலை இருந்தவரைக்கும் அது ஒழுங்காகத்தான் இருந்தது. கத்தினால் கத்தியதை அப்போதே திருப்பிக் கொடுக்கும். மலை போனதும் வரிசை தவறிவிட்டது. இன்றைக்கு ஒருவர் கத்தினால், எந்தக் காலத்திலோ யாரோ கத்தியது திரும்பி வருகிறது. இப்போது அங்கே இருப்பது பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம், அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியை ஒட்டி 'ஹில் வியூ' என்கிற அடுக்குமாடி. மலையே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. குடிவந்த புதிதில் ஜனங்கள் மிரண்டார்கள். பால்கனியில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டால், ஆடு ஓட்டுகிற யாரோ ஒருவர் 'ஹேய், ஹேய்' என்பார். 'வேட்டு வெக்கிறோம், வெலகு' என்று குவாரிக்காரன் குரல் வந்த அன்று, கார் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தரையில் படுத்துவிட்டார்கள். அப்புறம் பழகிப்போயிற்று. இப்போது சங்கக் கூட்டத்தில் சண்டை வருவதெல்லாம் தண்ணீர் லாரிக்காகத்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் கோகிலவாணிக்கு இந்தச் சமாசாரத்தைச் சொன்னது ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரியான ஜென்சி. ஜென்சி அங்கே மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருந்தாள். நாய்க்குட்டியைக் கூப்பிட்டால் எவளோ ஒரு அக்கா 'தண்ணிகிட்டப் போகாதடி' என்று அதட்டுகிறாள் என்றும், பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூடத் திரும்பி வருகிறது என்றும், குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். எந்த இடம் என்று கேட்ட கோகிலவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர்கள் மலை. காணும் பொங்கலுக்கு ஊரே கோவளத்துக்கு ஓடும்போது, அவளுடைய அப்பா குப்புராஜ் மட்டும் கூட்டத்தில் போய் எவன் மண்ணைத் தின்பது என்று சொல்லி, டிராக்டர் டிரெய்லரில் ஜமுக்காளம் விரித்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தவளைக்குன்றுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போவார். சேலையூர்ப் பக்கம் அவருக்கு அப்போது வயல் இருந்தது. பிற்பாடு அதைப் பிளாட் போட்டார். புளியோதரையும் மசால் வடையும் தின்றுவிட்டு, மலைக்கு முன்னால் வரிசையாக நின்று அவரவர் பேரைக் கத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. கோகிலவாணி கத்துவாள், தம்பி தினகரன் கத்துவான், எல்லோரையும் மிஞ்சுகிற தொண்டையில் குப்புராஜ் கத்துவார். அந்த நாளைப்போலச் சந்தோஷம் அவள் பிறகு பார்த்ததில்லை என்று சொன்னால் அது மிகையில்லை.

அம்மா கங்கையம்மாள் மட்டும் கத்தமாட்டாள். பொம்பளை மலையைப் பார்த்துக் கத்துவாளா என்பாள். அப்பா பேரையாவது கத்தும்மா என்று பிள்ளைகள் சீண்டினால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, எச்சில் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு மலைக்குப் பின்னால் இருந்த சுனைக்குப் போய்விடுவாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கிள்ளி 'நீ சொல்லு' என்பாள். வீட்டில் அவர் 'கோகிலா அப்பா', வெளியில் 'அது'. கட்டின பெண்டாட்டி வாயால் தன் பேரை ஒரு தடவை கேட்கவில்லையே என்று குப்புராஜுக்குக் கடைசிவரை ஒரு மனத்தாங்கல் உண்டு.

போன ஐப்பசியில் கங்கையம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் குப்புராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். என்னப்பா என்று மகள் கேட்டதற்கு, "அவ கொரலு மறந்துபூச்சு கோகிலா. மூஞ்சி கீது, கொரலு இல்ல" என்றார். கோகிலவாணி வீட்டில் இருந்த போன்களையெல்லாம் குடைந்தாள். எதிலும் அம்மாவின் குரல் இல்லை. வீடியோ எடுத்தால் அதைப் போட்டோ என்றே நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நேராக நிற்பது கங்கையம்மாளின் வழக்கம். பேரன் முதல் பிறந்தநாள் வீடியோவில் எல்லோரும் ஆடுகிறார்கள். அவள் மட்டும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத உடம்பு நாளுக்கு நாள் இளைத்து, தை பிறந்தபோது எலும்பை எண்ணிவிடலாம் போல் ஆனது. தினகரன் துபாயிலிருந்து போனில் அழுதான். தவளைக்குன்றில் அம்மா கத்தியதே இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். பாத்திரச் சத்தமாவது கேட்கட்டும், அதைக் கேட்டாவது ஒரு வாய் தின்னட்டும் என்றுதான் காணும் பொங்கலன்று அப்பாவை வாடகைக் காரில் ஏற்றினாள்.

மலை இல்லை என்று ஜென்சி சொல்லித்தான் இருந்தாள். காதால் கேட்பது வேறு, போய் நிற்பது வேறு. மலை இருந்த ஆகாயம் மொட்டையாகக் கிடந்தது. இடம் மாறி வந்துவிட்டோம் என்று கோகிலவாணி டிரைவரிடம் சண்டைக்குப் போனாள். பிறகு வேலிக்குள் எட்டிப் பார்த்தவள் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். அவள் கால் வைத்து ஏறிய பாறை ஒன்றுகூட இல்லை. குப்புராஜ் பள்ளத்தைப் பார்த்து, "மலை மேலதான கீந்துது? கீய எப்டி பள்ளம் வந்துது?" என்று கேட்டார்.

அவள் 'அம்மா' என்று கத்தினாள். எப்போதோ சுற்றுலா வந்த சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கும்பலாக 'ஹலோ' என்றார்கள். மறுபடி கத்தினாள். 'கோகிலா' என்று ஒரு சின்னப் பெண் கத்தியது; பால்பல் விழுந்த வாயால் கத்திய தன் குரல்தான் அது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அப்பா தலை நிமிரவில்லை. வெயில் ஏற ஏற யார் யாரோ வந்தார்கள், குவாரிக்காரன் வந்தான், மாட்டைத் தொலைத்தவன் வந்தான், அம்மா வரவில்லை. போதும் அக்கா, மேலே வந்து மோர் குடியுங்கள் என்று ஜென்சி கூப்பிட்டாள். அப்போதுதான் குப்புராஜ் எழுந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற சக்தியையெல்லாம் கூட்டி 'கங்கா' என்றார்.

பாத்திரம் ஒன்று கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண்ணின் குரல், தொண்டை முழுக்கத் திறந்து, பள்ளத்தைச் சுற்றி வந்தது.

"டேய் குப்புராஜு! காது கேக்குதாடா? கட்டிகினு வந்த நாள்லேந்து ஒரு சினிமாவுக்கு இட்டுகினு போனியாடா நீ? மலைக்கு இட்டாந்து ஏனம் தேய்க்க உட்டுட்டியேடா பாவி!"

ஹில் வியூவின் பால்கனிகளில் துணி உலர்த்தியவர்கள் கை அப்படியே நின்றது. கோகிலவாணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அம்மாவா? குனிந்த தலை நிமிராத அம்மாவா? தாங்கள் முன்னால் நின்று கூத்தடித்த அந்த நாட்களிலெல்லாம் மலைக்குப் பின்னால் நடந்தது இதுதானா? அவமானமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் இன்னும் முடியவில்லை. கொஞ்சம் விட்டு, தணிந்து, யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி வந்தது.

"சாமி, தெரியாம பேரச் சொல்லிட்டேன். அத்த கணக்குல வெச்சுக்காத. அது நூறு வருசம் இருக்கணும்."

குப்புராஜ் வேலியைப் பிடித்தபடியே தரையில் உட்காரப் போனார். வாட்ச்மேன் ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தினார். பள்ளத்தைப் பார்த்தபடியே மகளிடம், "எம்பேரு அவ வாய்ல எவ்ளோ ஷோக்கா கீது பாத்தியா" என்றார். அப்புறம் திட்டு வாங்கிய பிள்ளையைப்போல ஜென்சியிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். முந்தாநாள் சாம்பார் என்று அவள் கூச்சப்பட்டாள். அதைப் போட்டு இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார். சில வாரம் வசவு வரும், சில வாரம் மாட்டைத் தொலைத்தவன்தான் வருவான். வசவு வந்தால் எழுந்து நின்று, சினிமா, கோவளம், குன்றத்தூர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாத்துக்கும் இட்டுகினு போறேன் கங்கா என்று வேலிக்கு அந்தப் பக்கம் கத்துகிறார். இவர் கத்துவது எதுவும் இதுவரை திரும்பி வரவில்லை. ஹில் வியூக்காரர்கள் கணக்குப்படி அது வர நாற்பது வருஷம்கூட ஆகும். ஜென்சி இதை அவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "ஆவட்டுமே, எனக்கு இன்னா அவசரம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.