தாய்மாமன் கட்டாத குடிசை

“யாரும்மா நீ?”

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? நான்தான் அழகு.”

“அழகுன்னு எனக்கு யாரும் கிடையாது. எறங்கு கீழே. கொட்டகை நிறைய நெல்லு கெடக்கு.”

“அவருக்கு அனலாக் காயுதுண்ணே. புள்ளையும் நனைஞ்சிருச்சு. மழை விடற வரைக்கும் ஓரமா…”

“சொன்னாப் புரியாது? நீ யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயலன்று, ஜீயபுரத்துக்கு மேற்கே களத்துமேட்டில் நடந்த பேச்சு அது. அழகம்மாள் அதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. அண்ணன் நல்லுசாமி அரிக்கேன் விளக்கை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான். ஆள் தெரியாமல் சொல்லியிருந்தால் அவளே மன்னித்திருப்பாள்.

அவனுக்கும் ஒரு கோபம் இருந்தது. லால்குடியில் ரைஸ்மில் வைத்திருந்தவர் வீட்டில் அவன் பேசி முடித்த சம்பந்தத்தை உதறிவிட்டு, பரிசல் ஓட்டிய ஆண்டியைக் கைப்பிடித்தவள் அவள். ஒருநாள் அக்கரைக்குப் போக அந்தப் பரிசலில் ஏறினாள். கரை சேர்வதற்குள் மனசைக் கொடுத்துவிட்டாள். ஆண்டியும் சும்மா இருந்தவனில்லை. அதன் பிறகு அவளிடம் அவன் பரிசல் கூலி வாங்கியதே கிடையாது.

புயலில் குடிசை போயிற்று. மேட்டிலிருந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, எப்படியோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் வந்து ஒதுங்கினார்கள். ஆண்டியின் காய்ச்சல் மார்ச்சளியாக மாறி, அந்தக் கல்தரையிலேயே அவனைக் கொண்டுபோயிற்று. அவள் மடியில் தலை வைத்தபடி, “உங்க அண்ணன் மேல வன்மம் வச்சுக்காத அழகு” என்றான். அவன் சொல்லி அவள் கேட்காமல் போனது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவளுக்கு மண்டபம்தான் வீடு. திருவிழா வந்தால் போலீஸ் விரட்டும், திருச்சிப் பக்கம் சிந்தாமணிக்குப் போவாள். அங்கே விரட்டினால் காந்தி மார்க்கெட் வாசல். மார்க்கெட்டில் வாழையிலை நறுக்கி விற்றுக் குழந்தையை வளர்த்தாள். நல்லுசாமி தோட்டத்து இலைக்கட்டு என்று தெரிந்தால் மட்டும் விரலால்கூடத் தொடமாட்டாள்.

மகள் வள்ளிக்கண்ணு பெரியவளானது மண்டபத்தில்தான். பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் பச்சைத் தென்னோலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டும். பெண் அதில்தான் உட்கார வேண்டும். தங்க வீடில்லாத பெண்களுக்கும் அந்த முறை மறக்கவில்லை.

“தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பலையாடி?” என்று கேட்டார்கள்.

“வருவாரு.”

“எப்ப? இவ பேரப்புள்ள எடுத்த பொறவா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு தூண்களுக்கு நடுவே பழைய சேலைகளைக் கட்டி, வள்ளிக்கண்ணுவை உள்ளே உட்கார வைத்தார்கள். சேலை மறைவிலிருந்து அவள், “ஏம்மா, மாமான்னு ஒருத்தர் நெசமாவே இருக்காரா?” என்று கேட்டாள். அழகம்மாள் சேலை முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள். அண்ணனிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருப்பது அன்று அவளுக்குத் தெரிந்தது. அவன் காலில் விழுந்து கேட்கக்கூடாது. அவன் ஓடி ஒளிய முடியாத இடத்தில், நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அதற்கு வழி அடுத்த வருஷம் வந்தது. வீடில்லாதவர்களுக்காக அற்புதசாமி என்ற அதிகாரி ஒரு திட்டம் போட வந்தார். “ஸ்ரீரங்கத்துல விரட்டினா திருச்சிக்கு வர்றீங்க, திருச்சியில விரட்டினா ஸ்ரீரங்கத்துக்குப் போறீங்க. ஒவ்வொரு ஊரும் தனித்தனியா யோசிச்சா இது தீராது” என்றார். வட்டாரம் முழுவதையும் ஒன்றாக வைத்துத் திட்டம் போட்டார். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் வீடு; அங்கே ஃபாக்டரி எழும்பிக்கொண்டிருந்தது. ஆற்றையும் வாழையையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஜீயபுரம் பக்கம். வீட்டோடு குழாய், பஸ், ஸ்கூல், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கமிட்டியில் அந்த ஜனங்கள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று கேட்டபோது, மண்டபத்துப் பெண்கள் அழகம்மாளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

“நிலத்துச் சொந்தக்காரங்களுக்கு உறவா இருக்கறவங்க பேச்சை நான் எடுத்துக்க முடியாது. ஜீயபுரத்துல உங்களுக்குச் சொந்தம் யாராவது உண்டா?” என்று அவர் கேட்டார்.

“என்னைச் சொந்தம்னு சொல்றவங்க யாரும் இல்லீங்க.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

ஆற்றோரத்தில் சர்க்கார் புறம்போக்கு ஒன்று இருந்தது. நஷ்டஈடு தர வேண்டாம் என்பதால் கமிட்டியில் மற்றவர்களுக்கு அதுவே போதுமென்று பட்டது. “அது பள்ளம் சார். ஆறு பெருகினா புள்ளைங்களோட முங்கிருவோம். பக்கத்துல களத்துமேடு இருக்கு. அங்க தண்ணி ஏறாது” என்றாள் அழகம்மாள். சொல்லும்போதே நாக்கில் வெல்லம் கரைவது போலிருந்தது. தன்னை இறக்கிவிட்ட இடத்தில் தன் ஜனங்கள் உலை வைப்பதையும், நல்லுசாமி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே படுக்கப்போவதையும் நினைத்துப் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது.

வள்ளிக்கண்ணுதான் பயந்தாள். “நீ அவருக்குத் தங்கச்சின்னு தெரிஞ்சா உன் பேச்சைத் தள்ளிருவாங்கம்மா. அப்பறம் பள்ளந்தான் கெடைக்கும். உன் வஞ்சத்துக்காக எல்லாரையும் தண்ணியில எறக்கிராத.”

“அவரு வாயால தங்கச்சின்னு வராதுடி” என்றாள் தாய். ஆனால் வரவேண்டும் என்றும் உள்ளே ஒரு ஆசை கிடந்து துடித்தது.

நிலம் எடுப்பது பற்றிய விசாரணை நாளில் ஊரே களத்துமேட்டில் கூடிவிட்டது. மண்டபத்து ஜனங்கள் ஒரு பக்கம் குந்தியிருந்தார்கள். ஜரிகைத் துண்டோடு வந்த நல்லுசாமி அவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன சார், மார்க்கெட்டுல இலை விக்கிறவங்கல்லாம் இப்ப நிலத்துக்கும் விலை பேச வந்தாச்சா?”

கூட்டம் சிரித்தது. அழகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“ஐயாவுக்கு என்னைத் தெரியுங்களா?”

“தெரியாது.” சட்டென்று வந்தது பதில். பழகிய வாய்.

அற்புதசாமி கிழக்கே பள்ளத்தைப் பார்த்தார். குனிந்து மேட்டு மண்ணை அள்ளிப் பார்த்தார். “இந்தம்மா சொல்றது சரியாத்தான் படுது. மேட்டையே எடுத்துக்கலாம்னு எழுதிடறேன்” என்றார்.

நல்லுசாமியின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற ஒருவர், நிலத்துக்காரனுக்கு உறவானவர் பேச்சு செல்லாது என்று அவன் காதில் சொன்னார்.

“சார், சார், எழுதாதீங்க! இவ பேச்சு செல்லாது. இவ என் கூடப்பொறந்த தங்கச்சி!”

வள்ளிக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். அற்புதசாமி திரும்பினார். “சொந்தம் இல்லைன்னீங்களே?”

“என்னைச் சொந்தம்னு சொல்றவங்க இல்லைன்னேன் சார். இப்பத்தான் மொதத்தடவையாச் சொல்றாரு.”

“தங்கச்சிங்கறதுக்கு என்ன அத்தாட்சி? நிலத்தைக் காப்பாத்திக்கச் சொல்றதா இருக்கலாமே?” என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

“அத்தாட்சியா? ஊரையே கேளுங்க சார்! புயலன்னிக்கு இதே மேட்டுக்குப் புருஷனைத் தூக்கிக்கிட்டு வந்தா. நாந்தான் கொட்டகையில ஏத்திக்கலை. அந்த வன்மத்துலதான் என் நிலத்துல கை வைக்கிறா!”

சொல்லி முடித்த பிறகுதான் நல்லுசாமிக்குத் தான் சொன்னது உறைத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய ஆட்களே தரையைப் பார்த்தார்கள்.

“அன்னிக்குக் கொட்டகையில என்ன இருந்துச்சு?” அற்புதசாமி மெதுவாகக் கேட்டார்.

“நெல்லு.”

“நனைஞ்சுதா?”

அவன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், “ஒரு மணி நனையலீங்க. மேட்டுக்குத் தண்ணி வந்ததே இல்ல” என்றார்.

“அப்ப இந்தம்மா பேச்சு எனக்குத் தேவையில்ல. மேட்டை எடுக்க உங்க பேச்சே போதும்” என்றார் அற்புதசாமி.

நல்லுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அழகம்மாள் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அவனுக்கு நேரெதிரே போய் நின்றாள். அன்று அவன் விளக்கைத் தூக்கிப் பார்த்தது போலவே, அவசரப்படாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆண்டி சொன்னது நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

“ஊரறிய என்னைத் தங்கச்சின்னு சொல்லிட்டீங்கண்ணே. இனி மாத்த முடியாது. இவதான் உங்க மருமக, வள்ளிக்கண்ணு. இவ பெரிய மனுஷியானப்போ பழஞ்சேலைக்குள்ள உக்காந்திருந்தா. தாய்மாமன் கட்ட வேண்டிய குடிசையை இன்னும் யாரும் கட்டலை.” அவள் குரல் உயர்ந்தது, மேட்டின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. “அதை இந்த மேட்டுல கட்டிக் குடுங்கண்ணே. பச்சோலையில வேணாம்; செங்கல் வச்சு, ஓடு போட்டுக் கட்டுங்க. அவளுக்கு மட்டும் இல்ல, அவகூட அந்தக் கல்தரையில படுத்துக் கெடந்த இத்தனை பேருக்கும்.”