டூட்டியில் இருக்கிறவன்

அப்பாவின் தாடையைக் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. மலர்க்கொடி அதை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி சுகுமாரன் டாக்சியிலிருந்து இறங்கினான். நேற்று விடியற்காலையில் போன உயிர். ஒரே மகன் வரட்டும் என்று சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். துரையாகிவிட்ட தம்பி இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். நட்சத்திரம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

அழுதான். நன்றாகவே அழுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்த நாட்களில் ஒருமுறை இவன் தொலைபேசியில், "இந்த மாசம் டெலஸ்கோப்ப எனக்குக் குடுத்திருக்காங்கப்பா" என்றான். அது போதாதா? தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு ஆயுள் முழுக்க நெருப்புக் காவல் இருந்த மனிதர் அவர். காவலாள் எழுந்து போனால் ஷீட்டெல்லாம் எரிந்துபோகும். மலர்க்கொடி தம்பியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம் தடுத்தார்.

"வேணாம் புள்ள. டூட்டியில இருக்கிறவன கூப்பிடக்கூடாது."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். கேட்டால், அங்கேதான் காற்றாடிக் காற்று நன்றாக வருகிறது என்பார்.

வாசல் கூடாரத்தில், அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்த தம்புசாமி மாமா, சவ வண்டிக்குக் காத்திருந்தார். பேச்சு வேண்டுமே என்று சுகுமாரனிடம் ஆரம்பித்தார்.

"தம்பி, உங்கப்பன் நெஞ்ச எக்ஸ்ரே எடுத்தாங்களே, அதே எக்ஸ்ரேதானா நீ மேல வானத்துல பாக்கிறது?"

"அதேதான் மாமா. பிளேக் ஹோல்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போனது எதுவும் வெளிய வராது, வெளிச்சம்கூட வராது. பக்கத்துல இருக்கிற நட்சத்திரத்தோட வாயுவ இழுக்கும். உள்ள விழுறதுக்கு முன்னால அந்த வாயு சுத்திச் சுத்திக் கொதிக்கும்லா, அந்தக் கொதிப்புலதான் எக்ஸ்ரே வருது. நம்ம காத்து அத கீழ விடாது. அதான் டெலஸ்கோப்ப மேல அனுப்பி வச்சிருக்காங்க."

வந்ததிலிருந்து இப்போதுதான் அவன் முகம் தெளிந்திருந்தது.

"பாவம், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பாக்கணுமே. உங்கப்பன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான்."

"இல்ல மாமா. அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே பாத்துக்கும். அது பிடிச்சதெல்லாம் எங்களுக்கு டேப்புல அனுப்புவாங்க, அதுவே மாசக்கணக்கா ஆகும். நாங்க அங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

காப்பித் தட்டோடு மலர்க்கொடி அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எங்கோ வாயு கொதிக்கிறதாம்.

"அப்ப நீ வந்திருக்கலாம்" என்றாள்.

சுகுமாரன் திரும்பினான். "அக்கா... டூட்டின்னு நான் சொல்லல. அப்பாவா நெனச்சிக்கிட்டாரு."

"இல்லன்னும் நீ சொல்லல."

தம்புசாமி மாமா வண்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல் எழுந்து ரோட்டுக்குப் போனார்.

"அப்பாவ அப்படிப் பாக்க பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான்டா இருந்துச்சு."

அவள் அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை. அந்தக் கோப்பையை எடுத்து வாசலோரச் சாக்கடைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கினார்கள். தீச்சட்டியை ஏந்தியபடி சுகுமாரன் வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான். பெண்கள் சவத்தோடு கேட்டைத் தாண்டிப் போகும் வழக்கம் இல்லை.

"என்னைய ஏன் பாக்கிற? போ" என்றாள். "இப்ப நீதான் டூட்டி."

வண்டி புக்கிட் ரம்பாய் ரோட்டில் திரும்பி மறைந்தது. அவள் வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். குளித்தாள். ஈரத் தலையோடு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூடத்து நடுவில் காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மூலைக்குத் துளிக் காற்றும் வரவில்லை.