பன்னிரண்டாவது பேட்டி

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேட்டியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. பேசிக்கொண்டிருப்பது நான்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குகிறவர்கள் அதை என்னதான் செய்கிறார்கள்? பதினோரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது, பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலியில் இருக்கும் அக்கா. என்னிடம் ஒன்பது கேள்விகள் இருந்தன. வரிசைப்படிதான் கேட்க வேண்டும் என்றில்லை. பேச்சை அதன் போக்கில் விட்டுப் பிடிக்கலாம். அவர் என்னை விட்டுப் பிடித்திருந்தார்.

"யாராவது கத்தினா உங்களுக்கு எப்படிக்கா இருக்கும்?" என்கிறது என் குரல்.

"உங்க வீட்ல கத்துவாங்களாம்மா?" என்கிறார் அவர்.

அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் என் புராணம். பேங்க் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தது, அப்பா மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதது, அம்மா மொட்டை மாடிக்குப் போய் எனக்கு ஃபோன் செய்வது. நடுநடுவே அவருடைய "ம்ம்", "அப்புறம்?", "கஷ்டந்தான்".

ஒரு "ம்ம்" கூட விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது என் கைடு போட்ட சட்டம். அதனால் அப்பா கதையையும் சேர்த்துக் கைடின் மேஜையில் வைக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல யாரு யாரப் பேட்டி எடுத்தது?"

தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி போ. கேள்வியக் கேட்டுட்டு வாய மூடிட்டு இரு. பத்து செகண்ட் நீ பேசலன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

மறுபடி போனேன். ஒதுக்கித் தந்த அறைக்குச் சாவி கிடைக்கவே அரை மணி நேரம். உட்கார்ந்ததும் ஒருவர் பழைய ரிஜிஸ்டர் தேடி வந்தார். இன்னொருவர் அவரைத் தேடி வந்தார். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

"இந்த வேலை உங்க வீட்டுக்குள்ள வந்திருக்காக்கா?"

"அப்பா பேசினாரா?" என்றார் அவர், இதமாக.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இல்லக்கா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அவரும் பேசவில்லை. காத்திருப்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம் நான் காத்திருந்தேன். பத்து செகண்ட் என்பது எவ்வளவு நீளம் என்று கைடுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"என் பொண்ணு," என்றார் கடைசியில். "போன வருஷம் ஒருநாள் காலேஜ்லேருந்து அழுதுட்டே வந்தா. அம்மா, ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சா. நான் அப்பதான் டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன். உங்க புகாரப் பதிவு பண்ணியாச்சு, நாப்பத்தெட்டு மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"விளையாட்டுக்கா?"

"இல்லம்மா. வாய்ல வந்துடுச்சு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவ சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. எழுந்து உள்ள போயிட்டா. அதுலேருந்து சாப்டியா, வந்தியா, போனியா, அவ்வளவுதான்."

"என்ன சொல்ல வந்தான்னு அப்புறம் கேட்டீங்களா?"

"நீதான் கேக்கறதுக்குன்னே படிக்கிற," என்றார். கிண்டல் இல்லை. "எப்படிம்மா கேக்கணும்?"

என் ஒன்பது கேள்விகளையும் மனசுக்குள் புரட்டினேன். ஒன்றும் உருப்படியாக இல்லை.

கதவைத் தட்டாமல் ஒரு பெண் தலையை நீட்டினாள். "அக்கா, மெயின் ரோட்ல பைப் உடைஞ்சிருச்சு. எல்லா லைனும் அடிக்குது, வாங்க." சொல்லிவிட்டு ஓடினாள். பக்கத்து அறையில் நாலைந்து ஃபோன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தன. அக்கா எழுந்து வாசல் வரை போனார். பாதி திறந்த கதவைக் கையில் பிடித்தபடி, போகாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.