கொதிக்க வைத்த கிருமி

"அந்தச் சிவப்பு மூடிப் போத்தலெல்லாத்தையும் கீழ வைங்க மகள். பின்னேரம் கொதிக்க வெச்சிர்றன்."

பால் காய்ச்சுவதைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் மார்கிறட் சொன்னார். பிறிட்ஜுக்கு முன்னால் குந்தியிருந்த ரிப்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த போத்தல் நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

"எத அன்ரி கொதிக்க வெப்பீங்க?"

"இதத்தான். கிருமி எண்டு நீங்கதானே சொன்னீங்க? எங்கட மனிசன் வெறுங்கையால அள்ளித் தெளிக்கிறவர். சோறு கறி வெக்கிற பிறிட்ஜ் வேற. போன போகம் முழுக்க ஒரு கிழமை தவறாமக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, திருப்பிப் போத்தல்ல ஊத்தித்தான் குடுத்தன்."

சொல்லிவிட்டு, பாராட்டு வரும் என்ற முகத்தோடு நின்றார்.

ரிப்கா ஏறாவூர்க்காரி. பல்கலைக்கழக விவசாய பீடத்தில் மூன்று வருடமாக ஒரே ஆராய்ச்சி. வாவிக்கரைக் கண்டல் மரங்களின் வேரடி மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்திருந்தாள். உப்பேறிய நிலத்திலும் அது நெல்லைக் காப்பாற்றும் என்பது அவளுடைய நம்பிக்கை. குருக்கள்மடத்துத் துறையில் ஸ்கூட்டியைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து வந்து, இக்கரை வயல்வட்டையில் யாக்கோப்பின் வயலைப் பரிசோதனைக்குக் கேட்டு வாங்கினாள். பன்னிரண்டு பாத்திகள். ஆறுக்குச் சிவப்பு மூடிப் போத்தல், நுண்ணுயிர். மற்ற ஆறுக்கு வெள்ளை மூடி, வெறும் தண்ணீர். போத்தல்கள் குளிரில் இருக்க வேண்டும் என்பதால் மார்கிறட்டின் பிறிட்ஜ். சனிக்கிழமைதோறும் தெளிப்பது அவர் கணவர் யாக்கோப்பு.

போன போக அறுவடைக்கு முன் வந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வெள்ளை மூடிப் பாத்திகள் மஞ்சளித்துக் கருகிக் கிடக்க, சிவப்பு மூடிப் பாத்திகளில் கதிர் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்துத்தான் எட்டு விவசாயிகள், உப்பென்று கைவிட்ட வாவியோரக் காணிகளை இந்த மாரிக்கு உழுதிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைக்கு இத்தனை போத்தல்கள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'நுண்ணுயிர்' என்று எழுதியவள், இந்த வீட்டு வாசலில் மட்டும் 'கிருமி' என்றாள். எளிமையாகச் சொல்கிறாளாம்! கொரோனா வந்து போய், தீப்பெட்டியைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய ஊரில் வந்து அந்தச் சொல்லைச் சொன்ன கெட்டித்தனத்தை என்னவென்பது?

"யா அல்லாஹ்! அப்ப நான் தெளிக்கக் குடுத்தது செத்த தண்ணியா? அப்ப எப்பிடி அன்ரி பயிர் வந்திச்சு?"

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த யாக்கோப்பு இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"ஒண்டு சொல்றன் மிஸ், கோவிக்கப்படாது. இவ கொதிக்க வெச்சாலும் எனக்கு மனசு கேக்கல்ல. களை புடுங்க நான்தானே அதுக்குள்ள இறங்கணும்? காலில வெடிப்பு வேற. அதால அந்த ஆறு பாத்திக்கும் கிழமைக்கு ரெண்டு தரம் வாய்க்கால் தண்ணிய நிரப்பி, ஒரு நாள் விட்டு, வடிச்சுக் கழுவிப்போட்டுத்தான் இறங்கினன்."

"மத்த ஆறுக்கும்?"

"அதுக்கு என்னத்துக்கு? அது சுத்தத் தண்ணிதானே."

ரிப்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உப்பைக் கழுவியது வாய்க்கால். நெல்லைக் காப்பாற்றியது நல்ல தண்ணீர். அந்த வாய்க்கால் யாக்கோப்பின் வரம்போடு முடிகிறது. எட்டுப் பேருடைய காணியிலும் மழையை விட்டால் உப்பு வாவித் தண்ணீர்தான்.

"விதைப்ப இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாந்தானே அங்கிள்?"

"என்ன நாள்? புதன்கிழமை எண்டு நீங்கதானே சொன்னீங்க. நாளைக்குப் புதன். எல்லாரும் விதைநெல்ல ஊறப் போட்டு எடுத்தாச்சு. இப்ப முளை கட்டியிருக்கும்."

முளை கட்டிய நெல்லைத் திரும்பக் குத்தி அரிசியாக்கவும் முடியாது, களஞ்சியத்தில் போடவும் முடியாது.

பிறிட்ஜ் திறந்தபடியே இருந்தது. உள்ளே சிவப்பு மூடிகள். இவை கொதிக்க வைக்காதவை, இதிலிருப்பது உயிரோடிருக்கிறது, வேலை செய்தாலும் செய்யுமே என்று மனம் ஒரு கணம் ஆசை காட்டியது. செய்யாவிட்டால்? வயலில் ஒரு நாளும் பார்த்திராத ஒன்றை நம்பி எட்டு வீட்டு நெல்லை உப்பில் எறியச் சொல்வதா? அவள் எழுந்து பிறிட்ஜைச் சாத்தினாள்.

"நான் பிழை செஞ்சிட்டனா மகள்?" மார்கிறட்டின் முகம் வெளிறியிருந்தது.

"நீங்க இல்ல அன்ரி."

முதல் வீடு நல்லரத்தினத்தினுடையது. எட்டுப் பேரில் ஆகக் கூடுதலான காணி அவருக்குத்தான். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, ஈரச் சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினார். உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளை முளை.

"பாருங்க மிஸ், ஒண்டுகூடத் தப்பல்ல! எங்க, மருந்துப் போத்தல் கொண்டு வரல்லயா?"

ரிப்கா சாக்கின் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள்.

"நான் பிழை விட்டிட்டன். அங்க விதைக்காதீங்க."