கை வேலையா இருக்கு, மச்சான்

கிராவன் கல்லூரியின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு இந்தப் பிப்ரவரியோடு நூறு வயது. நூறு வருஷத்தில் என்னென்னவோ நடந்திருக்கிறது. செம்புச் சுரங்க வேலைக்குப் படிக்க வந்த பையன்கள் சிலர் கல்லூரிக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு வயலில் தண்ணீரை விட்டு, அது உறைந்ததும் இறங்கி ஆடியதுதான் ஆரம்பம். பிறகு மரத்தில் ஓர் அரங்கம் கட்டினார்கள். ஒரு மார்ச் மாதம் பனியின் பாரம் தாங்காமல் அதன் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளையாக அன்று ஞாயிறு, ஊரே சர்ச்சில் இருந்தது. போர்க்காலத்தில் ஆட ஆளில்லாமல் அணியையே மூட்டை கட்டி வைத்தார்கள். ஆனால் இந்த ஊர்க் காபிக் கடையில் போய் அணியின் வரலாற்றைக் கேட்டால் இதில் ஒன்றுகூட வராது. "எழுபத்து நாலு" என்பார்கள். சொல்லிவிட்டு, ஏய்னோ லெஹ்டோலா பக்கத்து மேஜையில் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

எழுபத்து நாலில் ஏய்னோ கடைசி வருஷ மாணவன், தடுப்பாட்டக்காரன். இறுதிப் போட்டி பெல்மோர் கல்லூரியோடு. ஏரிக்கரையோரமாகவே காரில் போனால் முக்கால் மணி நேரத்தில் வருகிற ஊர் அது. பகைக்கு அந்தத் தூரம் போதும். பெல்மோரின் கோல்கீப்பர் அர்மான் பாரிஸோ. பக்கத்து வீட்டுப் பையன். இருவரும் ஒரே குளத்தின் உறைந்த தண்ணீரில் விழுந்து எழுந்து ஆடக் கற்றவர்கள். போதாததற்கு அர்மானின் தங்கை கொலெட்டை ஏய்னோ அப்போதே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை, ஆட்டம் முடியப் போகிற நேரம். பெல்மோர்க்காரன் ஒருவன் மட்டையைக் கொக்கி போட்டுக் கிராவன்காரன் ஒருவனை இழுத்துவிட்டான். நடுவர் கையைத் தூக்கினார். இந்த ஆட்டத்தில் உடனே விசில் ஊதமாட்டார்கள். தப்பு செய்த அணியின் வசம் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு போன பிறகுதான் ஊதுவார்கள். அதுவரை அவர்களால் கோல் போடவே முடியாது. அதனால் இந்தப் பக்கத்து அணி தன் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுக்கொண்டு, கூடுதலாக ஒருவனைத் தாக்க அனுப்பிவிடும். வலை காலியாகக் கிடக்கும். கிடந்தால் என்ன? அதில் நம் ஆளே அடித்தால்தான் உண்டு. அப்படி எவன் அடிப்பான்?

ஏய்னோ அடித்தான்.

அவன் பெல்மோர் வலையைப் பார்த்து அடித்தது அர்மானின் கால்கவசத்தில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது. பின்னால் கூட்டாளி நிற்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பாராமல் பின்பக்கம் தள்ளினான். கூட்டாளி இடம் மாறியிருந்தான். வட்டு ஓர் அவசரமும் இல்லாமல், கடைத்தெருவுக்குக் கிளம்பிய பெரிய மனிதர் மாதிரி, அரங்கத்தின் முழு நீளத்தையும் கடந்து கிராவனின் காலி வலைக்குள் போய் உட்கார்ந்தது. எதிரணியில் கடைசியாக வட்டைத் தொட்டவன் பெயரில் கோலை எழுதுவது விதி. ஆகவே தன் இடத்தை விட்டு நகராத அர்மானின் பெயரில் கோல் விழுந்தது, கிராவன் தோற்றது. அரங்கத்தின் அந்தக் கோடியில் அர்மான் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினான்.

வலையில் விழுந்ததைக்கூட ஏய்னோ தாங்கியிருப்பான். தூக்கிய அந்தக் கைகளைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இறுதிப் போட்டி முடிந்ததும் இரண்டு அணிகளும் வலது கையுறையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். பல் உடைந்திருக்கலாம், மனசு உடைந்திருக்கலாம், வரிசை உடையக் கூடாது. நூறு வருஷத்தில் அந்த வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போனவன் ஒரே ஒருவன்தான். அர்மான் பெல்மோர் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். எல்லோரும் போன பிறகும் கையை நீட்டியபடி அவன் அங்கேயே நின்றதைக் கொலெட் மேலே படியிலிருந்து பார்த்தாள்.

அப்புறம் அந்தக் கொலெட்டையே ஏய்னோ கல்யாணம் செய்துகொண்டதுதான் வேடிக்கை. கல்யாணத்தன்று மச்சினன் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் கேக் தட்டு இருந்தது. "கை வேலையா இருக்கு, மச்சான்" என்றான் ஏய்னோ. குழந்தைக்குப் பெயரிட்ட அன்று கையில் குழந்தை. மாமனார் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தபடி அந்தப் பக்கம் அர்மான், இந்தப் பக்கம் ஏய்னோ. சனிக்கிழமைதோறும் சவுனா என்கிற நீராவி அறைக்குள் இருவரும் பிறந்த மேனியாக உட்கார்ந்திருப்பார்கள், அங்கேகூட ஏய்னோவின் ஒரு கையில் தண்ணீர்க் கரண்டி, மற்றதில் உடம்பில் தட்டிக்கொள்கிற பிர்ச் மரத் தழைக் கொத்து. அர்மானும் சளைத்தவர் இல்லை. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். "கை வேலையா இருக்கு, மச்சான்." "இருக்கட்டும், இருக்கட்டும்." இப்படியே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

இவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அர்மான் வீட்டுக் கூரையில் பனி ஏறினால் ஏய்னோதான் போய்த் தள்ளுவார். ஏய்னோவின் படகு எஞ்சின் படுத்துவிட்டால் அர்மான்தான் எழுப்புவார். ஒருவருக்கொருவர் உயிர். கோபமும் எப்போதோ போய்விட்டது. அது எந்த வருஷம் போனது என்று ஏய்னோவுக்கே ஞாபகம் இல்லை. மிச்சம் இருந்தது வீம்பு. அதுகூட இல்லை, வெட்கம். இன்று கையைக் கொடுத்தால், நேற்று ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு ஒரு பதில் வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த நேற்று பெரிதாகிக்கொண்டே போனது.

போன அக்டோபரில் அர்மானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. ஏய்னோ தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். முகச்சவரம் செய்துவிட்டார், சூப் ஊட்டினார். அந்த வலது கை போர்வையின் மேல் சும்மாவே கிடந்தது. அர்மான் தூங்கும்போது எத்தனையோ தடவை அதைத் தொடலாமா என்று நினைத்தார். தொடவில்லை. தூங்குகிறவன் கையைப் பிடிப்பது அழுகுணி ஆட்டம் என்று தோன்றியது.

நூற்றாண்டு விழாவுக்குக் கிராவன், பெல்மோர் பழைய மாணவர்களின் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. காலையில் கொலெட் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டிகளைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்குக் கைல என்ன வச்சுக்கப் போற?"

"மட்டை. வேற என்ன?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம்?"

ஏய்னோ காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு ஏய்னோ. எங்கண்ணனால இனிமே நீட்ட முடியாது. நீதான் நீட்டணும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டு உக்காந்திருந்தா?"

"அவன் வாங்கலைன்னா என்ன பண்றது, கொலெட்?"

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். "வாங்கலைன்னா நில்லு. அவன் நின்னான்ல?"

அரங்கத்தில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் அணியின் வரலாற்றை வாசித்தாள்: உருளைக்கிழங்கு வயல், உட்கார்ந்த கூரை, போர். எழுபத்து நாலு வந்ததும், "பெல்மோரின் கோல்கீப்பர் அர்மான் பாரிஸோவின் பெயரில் அபூர்வமான ஒரு கோல்" என்று நாசூக்காகத் தாண்டிப் போனாள். ஏய்னோவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்தது. பெல்மோர் பெஞ்சுப் பக்கம், வாசலருகே ஐஸின் மேல் விரித்த கம்பளத்தில், சக்கர நாற்காலியில் அர்மான் உட்கார்ந்திருந்தார். கம்பளிக் கோட்டின் மேல் பெல்மோரின் பழைய பச்சை ஆட்டச் சட்டையை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள். பின்னால் கொலெட்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார். "டேய் ஏய்னோ, இந்தத் தடவை எந்தப் பக்கம்னு கேட்டுட்டு அடி!" என்று மேலிருந்து ஒருவன் கத்த, ஏய்னோ மட்டையை ஆட்டிச் சிரித்தார். யார் ஜெயித்தது என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. மணி அடித்ததும் கிழவர்கள் மூச்சிரைக்கக் கையுறைகளைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ஏய்னோவும் நின்றார். மட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டார். இரண்டு கையும் காலி. இத்தனை வயதுக்குப் பிறகு வெறுங்கையோடு நிற்பது துணியில்லாமல் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு நகர்ந்தார். வரிசையின் கடைசியில் அந்த நாற்காலி.

அதன் முன் வந்து நின்று வலது கையை நீட்டினார்.

அர்மான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்தார். வலது கை அங்கே கிடந்தது. நல்ல கையான இடது கையில் ஒரு காகிதக் கோப்பை நிறையக் காபி. வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பு அது.

"கை... வேலையா இருக்கு... மச்சான்."

கொலெட் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப்பாவி, சூடா காபி வேணும்னு அடம்பிடிச்சப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள் விரல்களுக்கிடையில்.

ஏய்னோ கையை மடக்கவில்லை. அர்மான் ஒரு மடக்கு குடித்தார். நிதானமாக ரசித்தார். இன்னொரு மடக்கு. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தோள்பட்டை வலித்தது, விரல் நுனிகள் குளிரில் மரத்தன. நீட்டிய கை இவ்வளவு கனக்கும் என்று ஏய்னோவுக்கு அன்றுதான் தெரிந்தது. கேக் தட்டுகளின் முன்னால், குழந்தையின் முன்னால், சவுனாவின் ஆவியில், இந்தக் கனத்தைத்தானே இந்த அர்மான் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். கண் நிறைந்துவிட்டது. துடைக்க இன்னொரு கை இருந்தும் அவர் துடைக்கவில்லை.

"மெதுவாக் குடி மச்சான்," என்றார். "நான் நிக்கிறேன்."

அர்மான் குடிப்பதை நிறுத்தினார். பாதிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினார், கொலெட் வாங்கிக்கொண்டாள்.

காலியான இடது கைக்கு ஏய்னோ தன் கையை மாற்றப் போனார். அர்மான் தலையை ஆட்டினார்.

"இது... இல்ல."

இடது கையால் தன் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தார். தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல அதை மடியிலிருந்து மெல்லத் தூக்கி, ஏய்னோவின் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுதான்... அன்னைக்கு... நின்னுச்சு."

அந்த விரல்கள் மூடவில்லை. ஏய்னோ குனிந்து ஒவ்வொரு விரலாக எடுத்துத் தன் கையைச் சுற்றி மடக்கினார். மேலே தன் இன்னொரு கையையும் வைத்து மூடிக்கொண்டார். "குத்தம் என்மேலதான்டா" என்பது மட்டும் அழுகையோடு வந்தது.

"தெரியும்" என்றார் அர்மான். "கோல்... என்னுது."

கொலெட் பெரிதாகச் சிரித்துவிட்டாள். ஏய்னோவின் பின்னால் வரிசை தேங்கிப்போய் நின்றது. "யோவ் கிழவா, நகருய்யா! ஐஸ் உருகிடும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"கை வேலையா இருக்கு" என்று திரும்பிப் பாராமலே சொன்னார் ஏய்னோ.